ஒட்டாத நோய்

இறந்தவளைக் குளிப்பாட்ட எடுத்துவந்த நீர்மாலைக் குடத்தை இறக்கி வைத்தாயிற்று. புறவாசலில் நாலு பக்கமும் சேலை பிடித்து மறைப்பும் கட்டியாயிற்று. பெஞ்சில் கிடந்த உலகம்மையின் உடம்பைத் தொடத்தான் ஆள் இல்லை.

மறைப்புக்கு வெளியே கிணற்றடியில் நின்ற அவள் புருஷன் வள்ளிநாயகத்துக்கு மகள் லட்சுமிப்ரியாவின் குரல் கேட்டது.

“ஒரு கை பிடிங்க பெரியம்ம. அம்மையத் திருப்பணும்.”

அவருடைய அண்ணன் மனைவி அன்னக்கிளி தயங்கித் தயங்கிச் சொன்னாள். “தப்பா நெனைக்காத மக்கா. வீட்டுல பேரப்பிள்ளைய கெடக்கு. ஒட்டுற சீக்குல்லா? ஒனக்க அப்பாதான் சொன்னாரு, பக்கத்துல போவாண்டாம்னு.”

தண்ணீர் மொள்ளும் சத்தம் நின்றது.

“அப்பாவா சொன்னாரு?”

“பின்ன? முகத்துல செவப்பு வந்தப்பவே சொல்லியாச்சே.”

சிக்குன்குனியா ஊரையே முடக்கிப் போட்ட வருஷம் அது. மற்றவர்கள் எழுந்து நடமாடிவிட்டார்கள். உலகம்மைக்கு மட்டும் மூட்டுவலி விடவில்லை. இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் சிவப்பாகத் தடித்து வந்தது. ஒரு கல்யாண வீட்டில் “பெருவியாதியோ?” என்று யாரோ கிசுகிசுத்தது வள்ளிநாயகத்தின் காதில் விழுந்தது. அப்படிக் குஷ்டம் என்று ஊர் பேசுவதைவிட, ஏதோ ஒட்டுகிற சொறி என்று தானே சொல்லிவிடுவது மேல் என்று அவருக்குப் பட்டது. யாரும் பார்க்க வரமாட்டார்கள். அவளுக்குப் பின்கட்டு அறை என்றாயிற்று, தனித் தட்டு என்றாயிற்று.

தாயின் நோய் என்னவென்று தெரியாமல்தான் மகள் நோயெதிர்ப்பு பற்றிய படிப்பையே எடுத்தாள். புனேக்கு ஆராய்ச்சிக்குப் போனவள் முதல் லீவுக்கு வந்தபோது அவரை உட்கார வைத்துச் சொன்னாள்.

“ரத்தத்துல லிம்போசைட்னு ஒரு வெள்ளணு உண்டுப்பா. வைரஸ் வந்தா தேடிப் பிடிச்சு அழிக்கது அதுதான். சில பேருக்கு அது சொந்த ஒடம்பையே வேத்தாளுன்னு நெனச்சிரும். அம்மைக்கு அதான். லூபஸ்னு பேரு. யாருட்ட இருந்தும் வந்ததில்ல, யாருக்கும் போவவும் செய்யாது.”

“சரி மக்கா” என்றார். புரியாமல் இல்லை. ஆனால் மாற்றிச் சொன்னால், பிறகு எதற்கு அவளை அடைத்து வைத்தாய் என்று நாலு பேர் கேட்பார்கள். மகள் காட்டிய டாக்டரிடம் கூட்டிப்போனார், மருந்து வாங்கினார், அதில் குறை வைக்கவில்லை. லீவுக்கு மகள் வந்தால் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவள் ரயிலேறியதும் உலகம்மை தானாகவே தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள். மகளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மகள் வளர்ந்தாள். ஜெர்மனிக்குப் போனாள், தனக்கென்று ஆய்வுக்கூடம் வைத்தாள். கொரோனா காலத்தில் டிவியில் அவள் பேசியதை ஊரே கூடிப் பார்த்தது. “வைரஸ் வந்தா ரத்தம் என்ன செய்யும்னு எம் பிள்ள கண்டுபிடிக்கா” என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லி வள்ளிநாயகத்துக்கு அலுக்கவில்லை. அதைவிட அதிக வருஷம் அவள் உழைத்தது, உடம்பு தன்னையே தின்கிற மற்ற சங்கதியில். அதை அவர் யாரிடமும் வாய்திறந்ததில்லை. ஒரு மேடையில் அவள், “எங்கம்மைக்காகத்தான் இந்தத் துறைக்கு வந்தேன்” என்று பேசிய வீடியோவை அவர் மட்டும் பார்த்துவிட்டு அழித்தார்.

இப்போது சிறுநீரகமும் போய், விடிகாலையில் ஆஸ்பத்திரியில் உலகம்மை முடிந்துபோனாள்.

மறைப்புச் சேலை விலகியது. நனைந்த கையோடு மகள் நின்றாள். பின்னால் அத்தனை பெண்களும் நின்றார்கள்.

“ஒட்டுமாப்பா?”

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. பரீட்சையில் பையனைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

“ஒட்டாது” என்றார்.

“அது எப்பத் தெரியும் ஒமக்கு?” இது அன்னக்கிளி.

வள்ளிநாயகம் தரையைப் பார்த்தார். “பிள்ள அப்பமே சொல்லிட்டா.”

அன்னக்கிளி பின்கட்டுச் சன்னலைத் திரும்பிப் பார்த்தாள். “எத்தன மட்டம் சன்னல்ல நின்னு, ‘அக்கா, ஒருவாய் காப்பி குடிச்சிட்டுப் போங்கோ’ன்னு கூப்புட்டிருக்கா. காது கேக்காதவ மாதிரில்லா நான் போனேன்.” முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். மற்றவர்களும் போனார்கள். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

மகள் அவரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இருந்தது அவருக்கு.

குங்குமம் வைக்கக் கூப்பிட்டார்கள். சுமங்கலியாகப் போகிறவளுக்குப் புருஷன்தான் வைக்கவேண்டும். குங்குமத்தைக் குழைத்து நெற்றியில் வைத்துவிட்டுக் கையை எடுக்கும்போது அவர் விரல் கன்னத்தில் இழுபட்டது. ஊரெல்லாம் பயந்த அந்தத் தடிப்பு, தொட்டால் சாதாரணத் தோல் போலத்தான் இருந்தது. அன்னக்கிளி குனிந்து, கன்னத்தில் பட்டதைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை.

அவர் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. மகள் புறவாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் வருவதைக் கண்டதும், குழாயை அடைக்காமல், அவர் மேல் படாதபடி விலகிச் சுவரோரமாகப் போய் நின்றாள்.

அவர் குனிந்து கையை நீட்டினார். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.