அப்பா போட்டு வைத்த கையெழுத்து

என் அப்பாவின் இறப்புச் சான்றிதழில் என் அப்பாவே கையெழுத்துப் போட்டிருந்தார்.

முதலில் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். அதே சாய்வு, கடைசியில் அதே சுழி. என் மதிப்பெண் அட்டையில் வருஷம் தவறாமல் பார்த்த கையெழுத்து.

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் அப்பாவுக்கு இரங்கல் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. இருபத்தாறு வருஷம் அவர் பதிவாளராக இருந்த இடம். மேலதிகாரி மைக்கில் "அப்பழுக்கில்லாத மனிதர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சற்று முன்தான் உதவியாளர் சான்றிதழை உறையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எழுந்து போய் அவரைத் தரதரவென்று இழுக்காத குறையாகக் கோப்பு அறைக்குக் கூட்டிப்போனேன். எனக்கு மூக்கு மேல் கோபம் என்பார்கள். அன்று கோபத்தைவிடப் பயம்தான் அதிகம்.

"என்னண்ணே இது? செத்தவர் எந்திரிச்சு வந்து கையெழுத்துப் போட்டாரா?"

அவர் காகிதத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ! ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள் சார் பிறப்புக்கும் இறப்புக்குமா ஐம்பது வெற்றுப் படிவத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரும்மா. நாலு நாள்ல வந்துருவேன், அதுவரைக்கும் யாரையும் நாளைக்கு வான்னு அலைய விடாதேன்னாரு. புது ஆள் இன்னும் வரல. நானும் எழுதிக் கொடுத்துட்டே இருந்தேன். இதையும் அந்தக் கட்டுலயே எழுதிட்டேன் போல."

"அவர் இறந்தப்புறம் எத்தனை கொடுத்தீங்க?"

"முப்பத்தேழு."

முப்பத்தேழு குடும்பம்! யாராவது தேதியை அப்பா இறந்த நாளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், அத்தனையும் செல்லாது. சொன்னால் அப்பாவின் பெயர் அவருடைய இரங்கல் கூட்டத்திலேயே நாறிப்போகும். சொல்லாவிட்டால் ஏதோ ஒரு குழந்தையைப் பள்ளிக்கூட வாசலிலிருந்து திருப்பி அனுப்புவார்கள். இந்த மனுஷனுக்கு அப்படி என்ன அவசரம்? நாலு பேர் நாலு நாள் காத்திருந்தால் குடிமுழுகியா போயிருக்கும்? எனக்குப் பரீட்சை என்றால் பள்ளி வாசல்வரை வந்து விட்டுவிட்டு, அங்கிருந்தே அலுவலகத்துக்கு ஓடுவார். வீட்டிலும் சரி, வெளியிலும் சரி, யாரும் தனக்காகக் காத்திருந்தால் அவருக்கு ஆகாது.

வாயை மூடிக்கொள்வது என்று முடிவு செய்து வந்து உட்கார்ந்தேன். சான்றிதழை உறைக்குள் திணித்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னடி அது? கொடு."

"வீட்ல போய்ப் பாத்துக்கலாம்மா."

"கொடுன்னா கொடு."

கண்ணாடி போட்டு வாசித்தாள். விரல் கையெழுத்தில் வந்து நின்றது. முப்பத்தோரு வருஷம் அவரோடு குடித்தனம் பண்ணியவள். அவளுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வெறும் தாள்ல போட்டுக் கொடுத்துட்டாரா? எத்தனை பேருக்குப் போயிருக்கு?"

"முப்பத்தேழு. அம்மா, உன் கால்ல விழறேன், வாயைத் திறக்காத."

அதற்குள் அவளைப் பேசக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் புடவையைப் பிடித்தேன். அவள் மெல்ல விடுவித்துக்கொண்டு போனாள்.

"எல்லாரும் நல்லதாவே சொன்னீங்க," என்றாள் மைக்கில். "ஆனா அவர் ஒரு தப்பு பண்ணிட்டுப் போயிருக்கார். வெற்றுப் படிவத்துல கையெழுத்துப் போட்டு வச்சிருக்கார். அவர் போனப்புறம் முப்பத்தேழு பேர் அதை வாங்கிட்டுப் போயிருக்காங்க. அவங்களைக் கூப்பிட்டு மாத்திக் கொடுங்க. எங்களுதைக் கடைசியில கொடுத்தாப் போதும்."

மேலதிகாரி எழுந்து வந்து அவள் கையிலிருந்த சான்றிதழை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு யாரும் அப்பாவைப் புகழவில்லை. எங்கள் முகத்தைப் பார்க்காமலே தேநீர் குடித்தார்கள்.

பேருந்தில் அம்மா என் கையை விடவே இல்லை. அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது. எங்கள் நிறுத்தம் வருவதற்குச் சற்று முன்னால் கேட்டாள்.

"நான் அவரைக் காட்டிக் கொடுத்துட்டேனாடி?"

இல்லம்மா என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். "நிறுத்தம் வந்துருச்சும்மா," என்று எழுந்தேன்.