படிக்கிற அட்டையில் முதல் பக்கம்

"இல்லக்கா, அதை எல்லாம் விமர்சனம்னு சொல்லாதே. 'பொருள் நல்ல நிலையில் வந்து சேர்ந்தது'ன்னு எழுதி வெச்சிருக்கார் மாமா. அது மின்னூல்க்கா! எங்கேர்ந்து கிளம்பி எங்க வந்து சேரும்?"

"அஞ்சு ஸ்டார் குடுத்தாரா இல்லையா?"

"குடுத்தார்."

"அப்புறம் என்ன? கல்யாணம் ஆனதுலேர்ந்து எனக்கே அந்த மனுஷன் மூணுக்கு மேல குடுத்ததில்ல. பேசாம லென்ஸைத் துடை."

தம்பி லென்ஸைத் துடைத்தான். ஆனால் பேசாமல் இல்லை. அது அக்காவின் கண்ணாடிக் கடை. உள்ளறையில் அக்கா கண் பரிசோதிப்பாள். வெளியே தம்பி ஃப்ரேம் எடுத்துக் காட்டுவான், மெஷினில் லென்ஸ் விளிம்பைத் தேய்ப்பான், மிச்ச நேரமெல்லாம் தன் நாவலைப் பற்றிப் பேசுவான். மெஷின் போடுகிற சத்தத்தையும் தாண்டிப் பேசுவான்.

நாவலை எழுதி முடித்த அன்று வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தான், பாவம். மின்னூல் தளத்தில் ஏற்றியதும் எழுத்தெல்லாம் உடைந்து, கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாக நின்றது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தான். அட்டைப்படமும் அவனே போட்டான்: இருட்டில் மூடிய ஒரு கதவு. போனில் நகம் அளவுக்குச் சுருங்கியபோது அது அப்படியே பிரிட்ஜ் மாதிரி இருந்தது. பிறகு புத்தகம் எந்த வகை என்று தளம் கேட்டது. கதை முழுக்க ஒரு வீட்டுக்குள் நடக்கிறதே என்று 'வீடு' என்பதை அழுத்தினான். புத்தகம் நேராகப் போய் வீட்டுப் பராமரிப்பு நூல்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டது. முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து அவனுக்கு வந்த ஒரே விமர்சனம் இதுதான்: "குழாய் ஒழுகினால் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை இல்லை. இரண்டு ஸ்டார்."

வகையை மாற்றினான். இலவசமாகக் கொடுத்துப் பார்த்தான். இலவசம் என்றதும் அள்ளிக்கொண்டு போனார்கள், ஒருவரும் திறக்கவில்லை. எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்று காட்டுகிற கோடு படுத்த படுக்கையாகவே கிடந்தது. குடும்பக் குழுவில் இணைப்பைப் போட்டால், போட்ட வேகத்தில் கட்டைவிரல்கள் முளைக்கும். இணைப்பைத் தொட்டுத் திறக்கவே அதைவிட நேரமாகும் என்று அவனுக்குத் தெரியாதா? புத்தகம் பற்றி எழுதுகிறவர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பினான். ஒருவர் பதில் போட்டார். தன் புத்தகத்தை வாங்கச் சொல்லி.

கடைசியில் அக்காவே ஒரு முடிவு கட்டினாள். "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாரு. நம்ம சொந்தம் இல்லாத ஒரே ஒரு ஆள், அதைப் படிச்சுட்டு அப்புறம் என்னாச்சுன்னு கேக்கட்டும். கேட்டா ரெண்டாவது புஸ்தகமும் எழுது, நான் வாயே திறக்கல. இல்லேன்னா இதைத் தளத்துலேர்ந்து எடுத்துட்டு ஒழுங்கா கண் பரிசோதனைப் படிப்புல சேரு. ராத்திரி பகலா அந்தக் கோட்டையே பாத்துப் பாத்து உன் மூஞ்சியே அப்படி ஆயிடுச்சு."

"சொந்தம் இல்லாத ஆளா? அப்போ நீ படிச்சது கணக்கு இல்லையா?"

"நான்தான் அப்பவே படிச்சுட்டேனே. நல்லா இருந்துச்சு. முடிவுதான் சூப்பர்."

தம்பி ஒத்துக்கொண்டான். சண்டை போட அவனிடம் தெம்பு இல்லை.

அந்த வாரம்தான் உள்ளறையில் இருந்த படிக்கிற அட்டை கிழிந்தது. நாற்பதைத் தாண்டியவர்கள் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வார்களே, மேலே பெரிய எழுத்தில் ஆரம்பித்துக் கீழே வரவரப் பொடியாகும், அந்த அட்டை. அதில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வாக்கியங்கள் இருந்தன. மழை பெய்தது. மேசை மேல் விளக்கு இருக்கிறது. புதிதாக ஒன்று அச்சடித்து வா என்று அக்கா சொன்னாள். தம்பிக்கு மண்டையில் மின்னல் அடித்தது. மழைக்கும் விளக்குக்கும் பதிலாகத் தன் நாவலின் முதல் பக்கத்தைப் போட்டான், இப்படி:

அவள் வீட்டைப் பூட்டிவிட்டுத்தான் போயிருந்தாள். திரும்பி வந்தபோது சாவி நுழையவில்லை. உள்பக்கம் இன்னொரு சாவி இருந்தது. அந்த வீட்டில் அவள் தனி ஆள். கதவைத் தட்டினாள். "வந்துட்டியா?" என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அட்டையின் அடியில், எறும்பு மாதிரி எழுத்தில், கடைசி வரி: அது அவளுடைய குரல்.

அக்கா ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியின் உயரத்தையும் அளந்தாள். தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடப்பாவி, உன் கதையைக் கொண்டுவந்து இங்கேயே ஒட்டிட்டியா என்று முதுகில் ஒன்று வைப்பாள், இரண்டு பேரும் சிரிப்போம் என்று காத்திருந்தான்.

"அளவு சரியா இருக்கு," என்றாள் அக்கா. அட்டையை உறையில் போட்டாள்.

அவனுக்கு அப்போதே புரிந்துவிட்டது. கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

உள்ளறை குறுகலானது. பரிசோதனை நாற்காலி வாசல் வரை நீட்டிக்கொண்டிருப்பதால் கதவைச் சாத்த முடியாது. உள்ளே வாசிப்பது வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களுக்கெல்லாம் கேட்கும். தினமும் தன் முதல் பக்கத்தை விதவிதமான குரல்களில் கேட்டபடி தம்பி லென்ஸ் தேய்த்தான். ஒருவர் அதை வாடகை ஒப்பந்தம் மாதிரி வாசித்தார். இன்னொருவர் இருமலோடு வாசித்தார். ஒவ்வொருவர் வாசித்து முடித்ததும், "சரி, இறங்குங்க," என்றது அக்காவின் குரல். இறங்கினார்கள். ஃப்ரேமில் வேறு கலர் இருக்கிறதா என்று கேட்டார்கள். அந்த வீட்டுக்குள்ளே இருந்தது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அக்கா உட்பட.

மாதம் முடியப்போகிற நேரத்தில் தையற்கார அம்மா வந்தார். அடுத்த தெருவில் கடை வைத்திருப்பவர். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. சில நாள் முன்பு வாங்கிய கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"தம்பி, இதைப் போட்டுக்கிட்டு ஊசில நூல் கோக்க முடியல. நேத்து ஒரு சட்டைக்குக் கையை உள்ளவெளிய மாத்தித் தெச்சுட்டேன். வந்த ஆளு என்னைப் பாத்த பார்வை இருக்கே!"

அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "அன்னிக்குக் கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சீங்களேம்மா?"

"படிச்சேன்தான்."

"உக்காருங்க, இன்னொரு தடவை பாத்துடலாம்." அக்கா அட்டையை எடுக்கத் திரும்பினாள். அட்டை உறையிலிருந்து பாதிகூட வெளியே வரவில்லை.

"அது அவளுடைய குரல்," என்றார் அந்த அம்மா.

அக்கா அப்படியே நின்றாள். "அட்டை இன்னும் உங்க கைக்கே வரலையேம்மா!"

"அதை எதுக்குப் பாக்கணும்? அன்னிக்கு எனக்கு முன்னாடி பெஞ்சுல எத்தனை பேரு! ஒவ்வொருத்தரா படிக்கப் படிக்கக் கேட்டுக்கிட்டேதானே இருந்தேன். என் முறை வந்தப்ப அடி வரியெல்லாம் புகை மாதிரிதான் தெரிஞ்சுது. ஆனா என்ன வரும்னுதான் தெரியுமே, சொல்லிட்டேன்." நாடாவை இழுத்துவிட்டுக்கொண்டார். "அது கிடக்கட்டும். அப்புறம் என்னாச்சு? உள்ள இருக்கறது யாரு? மெஷின்ல உக்காந்தாலும் அதே நெனப்பா இருக்கு."

வெளியே தம்பியின் கையிலிருந்த ஃப்ரேம் கீழே விழுந்தது.

"அது சும்மா பரிசோதனைக்கு வெச்ச வரிம்மா, பின்னாடி கதையெல்லாம் ஒண்ணும்..." என்று ஆரம்பித்த அக்கா நிறுத்தினாள். அட்டையைப் பார்த்தாள். அளவை இல்லை, இந்த முறை வரிகளை. மேலிருந்து கீழே படித்தாள். பிறகு வாசல் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"டேய். இது எங்கேர்ந்து எடுத்தது?"

"என் புஸ்தகம்க்கா. முதல் பக்கம்."

அக்காவின் முகத்தில் கோபம்தான் முதலில் வந்தது. "உனக்கு அறிவிருக்கா? பவர் தப்பாப் போயிருக்குடா. கதை மாதிரி இருந்தா யாரும் ஊகிச்சுப் படிச்சுடுவாங்க. அதனாலதான் அட்டைல சம்பந்தமில்லாம எழுதறது. இன்னும் எத்தனை பேரு புகையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்களோ! எல்லாருக்கும் போன் போடு. இப்பவே."

"போடறேன்." தம்பி ஃப்ரேமைக் குனிந்து எடுத்தான். "முடிவு சூப்பர்னு சொன்னியேக்கா?"

தையற்கார அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

அக்கா நாற்காலிக் கைப்பிடியில் சாய்ந்தாள். "விடிஞ்சா எழுத்து, அடைஞ்சா எழுத்துடா எனக்கு. தெரியுதா, தெரியலையா, இது நல்லாவா அது நல்லாவான்னு கேட்டுக் கேட்டு, வீட்டுக்குப் போனா பால் பாக்கெட்ல இருக்கற தேதியைக்கூட உங்க மாமாவைத்தான் படிக்கச் சொல்றேன். நீ 'படிச்சியா படிச்சியா'ன்னு வந்து நின்ன மூஞ்சியைப் பாத்து இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

தம்பி வாடிக்கையாளர் நோட்டை எடுத்து முதல் எண்ணை அழுத்தினான்.

அன்று முழுக்கப் போன் போட்டான். பலருக்குக் கண்ணாடி சரியாகவே இருந்தது. சிலர் வந்து பார்க்கிறேன் என்றார்கள். ஒருவர் அவனை ஏதோ கம்பெனிக்காரன் என்று நினைத்து வேண்டாம் வேண்டாம் என்று வைத்துவிட்டார். கதையைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. மாலைக்குள் தொண்டை கட்டிவிட்டது.

நடுவில் தையற்கார அம்மாவின் போனில் புத்தகத்தை ஏற்றித் தரப் பார்த்தான். இலவசமாகத்தான். போனில் இடமில்லை என்று வந்தது. அந்த அம்மா சட்டைக் கழுத்து மாடல் படங்களை ஒவ்வொன்றாகப் பெருமூச்சோடு அழித்தார். இடம் கிடைத்ததும் பாஸ்வேர்டு கேட்டது. அது மகனுக்குத்தான் தெரியும், மகன் வேலையில் இருந்தால் போனை எடுக்க மாட்டான்.

"இவ்ளோ பாடு எதுக்குப்பா? உள்ள யாருன்னு நீ வாயால சொல்லிடேன், நான் கிளம்பறேன்."

தம்பிக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மாதக்கணக்கில் அவன் காத்திருந்த கேள்வி இதுதானே! ஆனால் சொல்லிவிட்டால் அப்புறம் எதற்குப் படிப்பார்? உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "டேய், இவங்களுக்கு நான் பவர் பாத்தாகணும். இதுவரைக்கும் காதால கேக்காத எழுத்து வேணும் எனக்கு."

"பழைய அட்டையை ஒட்டித் தரட்டுமா?"

"அதை அவங்க வருஷாவருஷம் படிச்சிருக்காங்க. மழை பெய்ததுன்னு அதையும் ஒப்பிப்பாங்க. ரெண்டாவது பக்கத்தை அடிச்சுக் கொண்டா. அளவு மாறக் கூடாது. வாக்கியத்தை எல்லாம் முன்ன பின்ன கலைச்சுப் போடு, ஊகிக்க முடியாதபடி."

கலைத்துத்தான் போட்டான். தன் கதையைத் தானே வெட்டித் தலைகீழாகப் போடுவது அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தையற்கார அம்மா வாசித்தார். இந்த முறை கடகடவென்று இல்லை. ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்துப் பிடித்து வாசித்தார். அக்கா லென்ஸை மாற்றினாள், அவர் இன்னொரு வரி இறங்கினார். பெஞ்சில் காத்திருந்தவர்கள் தலையை நீட்டினார்கள். எறும்பு எழுத்து வரை வந்து சேர்ந்தார். பரிசோதனை முடிந்தது.

அவர் இறங்கவில்லை. பார்வையை மறுபடி அட்டையின் மேல் வரிக்குக் கொண்டுபோய், வாயை அசைத்துக்கொண்டே, கலைந்த துணியை வெட்டி ஒட்டுவதுபோல எது முதல், எது அடுத்தது என்று விரலால் அடுக்கினார். அடுக்கி முடித்ததும் நிமிர்ந்தார்.

"ஐயோ! அப்போ கதவைத் திறந்தது அவதானா? அப்ப வெளிய நிக்கறது யாரு?"

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாது.

புது லென்ஸ் போட்டு, அந்த அம்மாவை ஊசியில் நூல் கோக்க வைத்துப் பார்த்து, அவரை அனுப்பிவிட்டுக் கடையைத் துடைக்கும்போது தம்பி மெல்ல ஆரம்பித்தான். "அக்கா, அப்புறம் என்னாச்சுன்னு கேட்டாங்க. சொந்தமும் இல்ல."

"நாற்காலில உக்கார வெச்சு, கண்ணு முன்னாடி நீட்டிப் படிக்க வெச்சா அது வாசகராடா? அவங்க கண்ணைக் காட்ட வந்தவங்க."

"முதல் பக்கம் அப்படி. ரெண்டாவதை அவங்களே அடுக்கிப் படிச்சாங்களே?"

"இன்னும் மாசம் முடியல. பாக்கலாம்." அக்கா பழைய அட்டையை ஒட்டி உறையில் போட்டாள். கலைத்துப் போட்ட இரண்டாம் பக்கத்தைக் குப்பையில் போடுவாள் என்று தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அலுப்போடு விளக்கை அணைத்தாள்.

புத்தகம் இன்னும் தளத்தில்தான் இருக்கிறது. கோடு இன்னும் படுத்தேதான் கிடக்கிறது. அந்த அம்மாவின் மகன் பாஸ்வேர்டை இன்னும் சொன்னபாடில்லை. மாதம் முடிய இரண்டு மூன்று நாள்தான் பாக்கி. அக்காவும் தம்பியும் விட்டுக்கொடுக்கிற ஆட்களும் இல்லை. அதனால் உங்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது: சொல்லுங்களேன், அந்தத் தையற்கார அம்மா கணக்கில் வருவாரா, மாட்டாரா?