சுத்தமான புகை

பேராசிரியர் லிங்கராஜ் செய்த உருண்டைகள் சோடாக் கம்பெனி சிலிண்டரிலிருந்து வந்த கரியமில வாயுவை வாரிப் பிடித்தன, சூடு காட்டினால் கக்கின, மறுபடியும் பிடித்தன. இனி எந்த ஆலைப் புகையும் உலகத்தைச் சூடாக்காது என்று அவர் கோவில்பட்டியிலிருந்தே பேப்பருக்குப் பேட்டி கொடுத்துவிட்டார். அது 2006.

காரியத்தைக் கெடுத்தது அவரிடம் ஆராய்ச்சி செய்த முத்துச்செல்விதான். உருண்டைகளைத் தீப்பெட்டி ஆலையின் புகைக்கூண்டில் வைத்துப் பார்த்தாள். பிடித்துக் கக்கும் ஆறாவது சுற்றில் பாதி செத்துவிட்டன. கரியமில வாயு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடும் பயணி. புகையோடு வரும் கந்தக வாயு துண்டு போட்டு இடம் பிடித்த ஆள். எவ்வளவு சூடு காட்டினாலும் எழுந்திருக்காது. மூன்று வருடத்தில் அவள் கண்டுபிடித்தது அது ஒன்றுதான்.

"உருண்டைல தப்பில்லம்மா. புகைதான் சரியில்ல" என்றார் லிங்கராஜ்.

நேரே ஆலை முதலாளி சுந்தரபாண்டியனிடம் போனார்.

"அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை உருண்டையச் சோதிச்சுப் பாக்கச் சென்னையிலருந்து குழு வருது. அன்னைக்கு மட்டும் கொஞ்சம் சுத்தமான புகையா விடணும்."

"கழிச்சுப்போட்ட தீக்குச்சியத்தான் அடுப்புல போடுதோம். அதுல கந்தகம் இல்லாம கல்கண்டா இருக்கும்? வேணும்னா அடுப்பையே அணைச்சிருதேன் சார். புகை ரொம்பச் சுத்தமா இருக்கும்."

வெள்ளிக்கிழமை, புகைக்கூண்டுக்குப் பின்னால் சாக்கைப் போர்த்திக்கொண்டு சோடா சிலிண்டர் நின்றது. உருண்டைகளுக்குப் போன குழாய் அதிலிருந்துதான் வந்தது.

"நோட்டுல ஆலைப் புகைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுரும்மா" என்றார் லிங்கராஜ். "ஒன் தீசிஸ்ல நானும் போடணும்லா."

அப்படி எழுதினால் மூன்று வருட வேலையை அவளே பொய் என்று சொன்னதாகும். முத்துச்செல்வி பேனாவைத் திறந்தாள். எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

குழுவில் மூன்று பேர். மீட்டரைப் பார்த்துத் தலையாட்டினார்கள். கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டே அவள் பெயருக்குக் கீழே வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினார்கள்.

அதற்குப் பிறகுதான் லிங்கராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்: 'வாயு: சோடாக் கம்பெனி சிலிண்டர். ஆலைப் புகையில் ஆறு சுற்றுக்குள் பாதி உருண்டைகள் செயலிழக்கின்றன. முந்தைய பக்கம் பார்க்கவும்.'

"என்னத்தம்மா எழுதி வச்சிருக்க?"

"நடந்ததத்தான் சார்."

"கிழிச்சிருவேன்."

"கிழிங்க சார். ஆனா குழு வந்து பாத்துட்டுப் போனதுக்கு அந்த ஒரு பக்கந்தான் அத்தாட்சி."

லிங்கராஜ் தாளின் ஓரத்தைப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார்.