வெரிபீயில் பால் காய்ச்சிய நாள்

வெரிபீக்குக் குடிபோகும் நாள் நெருங்க நெருங்க யோகராணிக்குப் பயம் கூடிக்கொண்டே போனது. மெல்பேண் முடிந்து புல்வெளி தொடங்குகிற இடத்தில் அவர்களுடைய புது வீடு. அதற்கப்பால் வீடே கிடையாது. இனி வரப்போகும் தெருக்களுக்காக அடித்துவிட்டுப் போன முளைகள்தான் சிவப்பு நாடாவோடு நின்றன. தெற்கே ஒரேயொரு பழைய பண்ணை வீடு. அதில் மேவிஸ் என்ற வெள்ளைக்கார விதவையும் அவளுடைய கிழட்டுக் குதிரையும் இருந்தார்கள்.

கணவன் சச்சிதானந்தனுக்கோ வாயெல்லாம் பல். அவன் ஹைஸ்கூலில் சரித்திரம் படிப்பிப்பவன். போன தவணை முழுக்க அமெரிக்கா மேற்கே விரிந்த கதையைப் படிப்பித்திருந்தான். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டும் அந்தப் பாடம் அவனை விடவில்லை.

"ஆயிரத்தெண்ணூற்று இருபதுகளில பாரும், சனம் சாமானை வண்டியில ஏத்திக்கொண்டு மேற்கால வெளிக்கிட்டுது. ஈரிக் கால்வாயை வெட்டினாங்கள். வெறும் புல்லாக் கிடந்த இடத்தில கோதுமை வந்தது, ஆலை வந்தது, பட்டணம் வந்தது. வெரிபீயும் அப்பிடித்தான் வரப்போகுது."

"அங்க முந்தி இருந்த சனம் எங்க போனது?"

"அது வேற பாடம்."

"புல்லு நெருப்புப் பிடிச்சால் மைல் கணக்கா எரியும் எண்டும் நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"ஓம், சொன்னனான். அதுக்கு அவங்கள் வீட்டைச் சுத்தி உழுது வெறும் மண்ணாக்கி வைச்சவங்கள். நீர் நான் சொல்லுறதில பயத்தை மட்டும் பொறுக்கி எடுப்பீர்."

யோகராணி வாயை மூடிக்கொண்டாள். மூடியிருக்கக் கூடாது.

தை மாதத்தில் குடிபூர வேண்டும் என்று ஊர்ச் சாத்திரியார் நாள் குறித்து அனுப்பியிருந்தார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. யாழ்ப்பாணத்துத் தை, மழை விட்டு நிலம் குளிர்ந்திருக்கிற மாதம். மெல்பேணில் அது கொதிக்கிற கோடை என்று அந்த மனிதர் கனவிலும் கண்டிருக்க மாட்டார். கண்டிருக்க வேண்டியவன் மூன்று வருடமாக இங்கே வேர்த்துக்கொண்டிருந்த சச்சிதானந்தன்.

அன்று காலை காரில் வரும்போது ரேடியோ திரும்பத் திரும்பச் சொன்னது: மாநிலம் முழுக்க டோட்டல் ஃபயர் பான், வெளியில் யாரும் நெருப்பு மூட்டக் கூடாது. யோகராணி கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது பண்ணைக்காரர் குப்பை கொளுத்துறதுக்குச் சொல்லுறது. நாங்கள் ஒரு செம்புப் பால்தானே காய்ச்சப்போறம்," என்றான் அவன்.

"காத்தும் அடிக்குதப்பா."

"வடக்குக் காத்துத்தானே. நல்ல சகுனம்."

ஊரில் வடக்குக் காற்று குளிர்ந்து வரும். இங்கே அது பாலைவனத்தைத் தாண்டி வருகிறது. காரை விட்டு இறங்கியதுமே முகம் எரிந்தது. வீட்டுக்கு இன்னும் மின்சாரம் வரவில்லை, தண்ணீர்க் குழாயும் வரவில்லை. பிளாஸ்டிக் கானில் கொண்டுவந்த தண்ணீர்தான் இருந்தது. பின்வளவில் கட்டடக்காரர் விட்டுப்போன செங்கல் மூன்றை அடுப்பாக வைத்தார்கள். சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல்.

மேவிஸ் தன் வேலியருகே வந்து, குதிரைக்குத் தண்ணி வைக்கப் போகிறேன், பிள்ளையும் வருகிறாளா என்று கேட்டாள். அவள் நின்ற இடத்திலிருந்து செங்கல் அடுப்பு தெரியாது. ஐந்து வயது மகள் வதனி பதிலுக்குக் காத்திராமல் வேலிக்குள் நுழைந்து ஓடினாள். குதிரைக் கொட்டில் தெற்கே, புல்வெளியின் மறு கரையில் இருந்தது.

நெருப்புக் குச்சியைக் கிழித்தது யோகராணிதான். வீட்டுக்காரிதான் மூட்ட வேண்டும் என்பது முறை. காற்றில் இரண்டு குச்சி அணைந்தது. மூன்றாவது பிடித்தது.

பால் விளிம்புக்கு வரும்போது ஒரு காற்று வீசியது. அடுப்பிலிருந்து ஒரு பொறி எழுந்து புல்லில் விழுந்ததை அவள் பார்த்தாள். சச்சிதானந்தன் காலால் மிதிக்கப் போனான். அவன் மிதிப்பதற்குள் நெருப்பு பாய்விரித்த அளவுக்குப் பரவிவிட்டது. கானிலிருந்த தண்ணீர் முழுவதையும் கவிழ்த்தான். நெருப்பு அந்த இடத்தை விட்டுவிட்டு இரண்டு பக்கத்தாலும் தெற்கே ஓடியது.

தெற்கேதான் கொட்டில். கொட்டிலில் பிள்ளை.

யோகராணி "வதனி" என்று கத்தினாள். தன் குரலே தனக்குக் கேட்கவில்லை, அவ்வளவு இரைச்சலோடு புல் எரிந்தது. சச்சிதானந்தன் கொண்டுவந்த சாமானில் கிடந்த அரிசிச் சாக்கால் நெருப்பை அடித்தான். அடிக்க அடிக்கப் பொறிதான் பறந்தது. அவள் கூறைச் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு நெருப்பின் ஓரமாக ஓடினாள். முள்ளுக்கம்பியில் முந்தானை மாட்டியது. கிழித்துக்கொண்டு ஓடினாள். நெருப்பு அவளைவிட வேகமாக ஓடியது. அது முந்துவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஓடினாள். குச்சி கிழித்தது இந்தக் கைதானே, இந்தக் கைதானே என்று மனம் அரற்றியது. பிறகு புகை மூடிவிட்டது. கொட்டிலும் இல்லை, வீடும் இல்லை, வானமும் இல்லை.

அவள் நிலத்தில் விழுந்தாள். கையில் பட்டது புல் இல்லை, மண். கட்டி கட்டியாக உழுத மண்.

மேவிஸ் கோடைக்கு முன்பே தன் வளவைச் சுற்றி இரண்டு ஆள் அகலத்துக்கு உழுது வைத்திருந்தாள். நெருப்பு அந்த விளிம்பு வரை சீறிக்கொண்டு வந்தது, தின்ன எதுவும் கிடைக்காமல் தாழ்ந்தது. பறந்து விழுந்த பொறிகளும் வெறும் மண்ணில் கருகின. புகைக்குள்ளிருந்து மேவிஸ் நடந்து வந்தாள். ஈரக் குதிரைப் போர்வைக்குள் வதனியைச் சுற்றித் தோளில் போட்டிருந்தாள். பிள்ளை இருமியது. இருமியதே யோகராணிக்குப் போதுமாக இருந்தது.

சச்சிதானந்தனும் வந்து சேர்ந்தான். கண்ணிமை மயிர் பொசுங்கியிருந்தது. மேவிஸ் பிள்ளையை இறக்காமலே நின்றாள். காலை முழுக்க ரேடியோ சொன்னதே, நீங்கள் கேட்கவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

சச்சிதானந்தன் தொண்டையைச் செருமினான். நாங்கள் நாட்டுக்குப் புதிது, எங்களுக்குத் தெரியாது என்று சொல்லப் போகிறான் என்பது யோகராணிக்குத் தெரிந்தது. அதை அவளால் சகிக்க முடியவில்லை.

"வி ஹேர்ட் இட்," என்றாள். "கேட்டனாங்கள்."

 மேவிஸ் பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் குதிரையைப் பார்க்கப் போனாள்.

திரும்பி வந்தபோது அடுப்பில் செம்பு அப்படியே இருந்தது. ஒருவரும் பார்க்காமலே பால் பொங்கி வழிந்திருந்தது. சச்சிதானந்தன் குனிந்து பார்த்தான்.

"கிழக்காலதான் வழிஞ்சிருக்கு," என்றான் மெதுவாக. அப்படி வழிந்தால் வீட்டுக்கு நல்லது என்பார்கள்.

செங்கல்லுக்கு நடுவில் இன்னும் தணல் கனன்றது. காற்றும் விடவில்லை. கானில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. யோகராணி பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். கிழிந்த முந்தானையால் செம்பைப் பிடித்துத் தூக்கினாள்.

"என்ன செய்யிறீர்? சாம்பலில பால் ஊத்தாதையும். அது காடாத்துக்குச் செய்யிறது."

சுடலையில், எரித்த சாம்பலுக்குப் பால் ஊற்றுவது அவளுக்கும் தெரியும். தகப்பனுக்கு ஊற்றும்போது தள்ளி நின்று பார்த்தவள்தான்.

"தெரியும்," என்றாள். "உங்கட சகுனமும் இந்தச் சாம்பலோட போகட்டும்."

செம்பில் மிஞ்சியிருந்த பாலை ஒரு சொட்டும் மிச்சம் வைக்காமல் தணலில் ஊற்றினாள்.