திரும்ப மாட்டிய பக்கச் சக்கரம்

அந்த வீட்டுக்கு மட்டும் கோடைக்காலம் தலைகீழாக வரும். வெயில் ஏற ஏற அவன் வீட்டுக்குள் வருவான். அவள் வீட்டை விட்டுப் போவாள். சண்டை கிண்டை எதுவும் இல்லை, பிழைப்பு அப்படி. அவன் ஸ்கூல் வேன் டிரைவர். பள்ளிக்கூடம் மூடினால் அவன் வேனும் உறையைப் போர்த்திக்கொண்டு தூங்கப் போய்விடும். அவளுக்கு வேலை ஒரு ஹோட்டலின் லாண்டரியில். பள்ளிக்கூடம் மூடினால்தான் ஹோட்டல் அறைகள் நிரம்பும். அறைகள் நிரம்பினால் விரிப்பும் துண்டும் மலையாகக் குவியும். ஆக, புருஷனுக்கு லீவு விட்ட அன்றே பெண்டாட்டிக்கு லீவு ரத்து. திட்டம் போட்டுப் பிரித்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது என்பாள் கீழ்வீட்டுத் தையல்காரி. அவள் மெஷின் போட்டிருப்பது ஜன்னலோரம். தைப்பது பாதி, பார்ப்பது பாதி. தெருவுக்கு வேண்டிய சேதியெல்லாம் அங்கேதான் அளவெடுத்து, வெட்டி, ஓரம் அடித்து வெளியே போகும்.

இவர்களுக்கு ஐந்து வயதில் ஒரு பெண். கொஞ்ச நேரம் வெயிலில் நின்றாலே கன்னம் இரண்டும் பழுத்துவிடும் என்பதால் அவளுக்குத் தெரு வைத்த பெயர் தக்காளி. பள்ளிக்கூடப் பதிவில் வேறு ஏதோ இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று வேடிக்கை பார்ப்பாள்.

அப்பனும் மகளும் அடித்த கூத்துக்குக் குறைச்சலே இல்லை. துணி ஊறப்போடுகிற டப்பைக் கட்டிடத்துக்குப் பின்னால் இழுத்துப்போய் நீர் நிரப்பி, அதில் அவள் உட்கார, இவன் பக்கத்தில் கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு நின்று அலை அடிப்பான். பழச்சாற்றை டம்ளரில் ஊற்றி, ஸ்பூனைக் குத்தி, ஃப்ரிட்ஜில் வைத்து, உறைந்துவிட்டதா என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கதவைத் திறந்து பார்த்து, அதை உறையவே விடமாட்டார்கள். மத்தியானம் சாப்பாட்டு மேஜையின் மேல் ஈரப் போர்வையைத் தொங்கவிட்டு உள்ளே கூடாரவாசம். இவனுக்குக் கால் வெளியே நீண்டுகொண்டிருக்கும். வெயில் இறங்கியதும் பூங்கா. அங்கே புல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சும் குழாய்க்குக் குறுக்கே ஓடுவது. காவல்காரர் விசில் அடித்ததும், “யாரு பெத்த பிள்ளையோ” என்கிற முகத்தோடு நடந்து வருவது.

எல்லாவற்றையும் வீடியோ எடுத்து பெண்டாட்டிக்கு அனுப்பிவிடுவான். வேலைக்குள் நுழையும்போதே போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்பது லாண்டரி சட்டம். இருட்டிய பிறகு, ஆட்களைக் கொண்டு வந்து விடும் ஹோட்டல் வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்துதான் அவள் அன்றைய வெயிலைப் பார்ப்பாள். ஒவ்வொரு வீடியோவிலும் மகள் கேமராவைப் பார்த்து, “அம்மா, பாரு!” என்று கத்துவாள். இவள், “பாத்துட்டேண்டி” என்று மெதுவாகச் சொல்வாள். பக்கத்தில் தூங்கி வழிகிற பெண்கள் இதற்குப் பழகிவிட்டார்கள். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மகள் அரைத் தூக்கத்தில் இருப்பாள். அந்தப் பிடரியில் மூக்கை வைத்தால் வெயில், புல், பழச்சாறு எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை அடிக்கும். அவளுக்குக் கிடைத்த கோடை அவ்வளவுதான்.

லாண்டரியில் மட்டும் என்ன, அங்கேயும் கோடைதான் வந்து விழுந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டுக் கோடை. துவைக்கப் போடுமுன் விரிப்புகளை உதறுவது அவள் வேலை. உதறினால் மணல் கொட்டும், பிஸ்கட் தூள் கொட்டும், ஒற்றைக் காலுறை விழும், பாதி கடித்த மெழுகுப் பென்சில் விழும். ஒருநாள் ஒரு துண்டுக்குள் சுருண்டு கிடந்தது சின்ன நீச்சல் உடுப்பு, இன்னும் ஈரம் காயாமல். தன்னையறியாமல் அதன் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கி, தக்காளிக்குச் சேருமா என்று பார்த்தாள்.

“என்னடி, மாப்பிள்ளை பாக்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பாக்கறே?” என்றாள் பக்கத்தில் நின்றவள்.

“அளவு பாத்தேன்.”

“உன் வீட்ல ஒண்ணு இருக்குல்ல, போய் அதைப் பாரு.”

“அதைப் பாக்கத்தான் விட மாட்டேங்கிறாங்களே” என்று சொல்லிவிட்டு, உடுப்பைக் காணாமல்போன பொருட்கள் கூடையில் போட்டாள். ஈரம் கையில் கொஞ்ச நேரம் இருந்தது.

இதில் ஒரு பழைய வயிற்றெரிச்சலும் உண்டு. மகள் முதல் அடி எடுத்து வைத்தது ஒரு சீசனில். முழுசாக ஒரு வாக்கியம் பேசியது இன்னொரு சீசனில். இரண்டையும் வேனில் உட்கார்ந்து போனில்தான் பார்த்தாள். அதனால் இந்தக் கோடையில் அவன் பழைய சைக்கிள் ஒன்றுக்குச் சாயம் அடித்து, பெல் மாட்டி, மகள் முன் நிறுத்தியபோது, பெண்டாட்டி ஒரே ஒரு கோரிக்கைதான் வைத்தாள்.

“தண்ணியோ பூங்காவோ, எல்லாம் நீங்களே வெச்சுக்கோங்க. இவ தனியா சைக்கிள் ஓட்டறது மட்டும் என் கண்ணு முன்னால நடக்கணும். அதை எனக்கு வெச்சிருங்க.”

“அவ்வளவுதானே? வெச்சிருந்தா போச்சு” என்றான் அவன்.

இங்கேதான் அந்த மனுஷனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஸ்கூல் வேன் ஓட்டி ஓட்டி அவனுக்கு ஒரு புத்தி படிந்துவிட்டது. பிள்ளையை அதன் வீட்டார் கையில்தான் இறக்கிவிடுவான். வீட்டார் வரவில்லையா, வேனிலேயே வைத்திருப்பான். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாலும் கொடுக்க மாட்டான், பிள்ளையே “இதுதான் என் வீடு” என்று அழுதாலும் இறக்க மாட்டான். வேனுக்கு அது நல்ல வழக்கம்தான். அதையே சைக்கிளுக்கும் வைத்துக்கொண்டான் பாருங்கள்.

விழாமல் தாங்குகிற பக்கச் சக்கரம் இரண்டையும் கழற்றிவிட்டு, சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிப் பழக்கினான். ஒரு சாயங்காலம் அவன் செருப்பு அறுந்தது. ஒரு கணம் கை விட்டுப் போயிற்று. தக்காளி கவனிக்கவே இல்லை. கேட்டிலிருந்து விளக்குக் கம்பம் வரை, ஆடாமல் அசையாமல், சும்மா வழுக்கிக்கொண்டு போனாள். தையல்காரி மெஷினை விட்டு எழுந்தேவிட்டாள். மொட்டை மாடியில் துணி காயப்போட்டவர்கள் கைதட்டினார்கள்.

வேறொருவனாக இருந்தால் தூக்கிவைத்துக் கொண்டாடியிருப்பான். இவனோ ஒற்றைச் செருப்போடு பாய்ந்து போய் ஹாண்டிலைப் பிடித்து நிறுத்தினான்.

“நான் ஓட்டினேன்! அப்பா, நான் ஓட்டினேன்!”

“இல்லடா கண்ணு. அப்பா பிடிச்சிருந்தேன்.”

“நீ அங்க இருந்தே!”

“அதெல்லாம் தப்பா வந்தது. உனக்கு இன்னும் வரல. அம்மாவுக்கு லீவு கிடைக்கட்டும், அப்பத்தான் உனக்கு வரும்.”

சொன்னதோடு விட்டானா? வீட்டுக்குள் போய் ஸ்பானரை எடுத்துவந்து, ஓட்டத் தெரிந்த பிள்ளையின் சைக்கிளுக்குப் பக்கச் சக்கரம் இரண்டையும் திரும்ப மாட்டி, இறுக்கினான். அத்தனை பேர் பார்க்க. மனைவிக்கு அன்று போன வீடியோவில் டப்பும் அலையும்தான். “சைக்கிளா? இன்னும் பயப்படறா” என்று கூடவே ஒரு பொய். தெருவும் வாயைக் கட்டிக்கொண்டது. இந்தத் தெரு வாயைக் கட்டிக்கொண்டதற்கு அது ஒன்றுதான் சாட்சி. அவள் இருட்டில் வந்து விடியுமுன் போகிறவள் என்பதால், கட்டுவது அவ்வளவு கஷ்டமாகவும் இல்லை.

லீவோ இதோ அதோ என்று தள்ளிக்கொண்டே போயிற்று. தக்காளி நான்கு சக்கரத்தில் கடகடவென்று உருட்டிக்கொண்டு போனால், மாடி வீட்டுப் பையன்கள், “லாரி வருது, ஒதுங்குங்க!” என்பார்கள். முதலில் சண்டைக்குப் போனாள். பிறகு போகவில்லை. பிறகு சைக்கிளை எடுப்பதையே குறைத்துக்கொண்டு, தையல்காரியிடம் துண்டுத் துணி பொறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

ஒருவழியாக லீவு கிடைத்தது. காலையில் மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவள் மகளின் தலையைப் பின்னிக்கொண்டே ஊட்டினாள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால்தான் அவளுக்கு ஆசை அடங்கும் போலிருந்தது.

“அம்மா, நிஜமாவே உனக்கு லீவா?”

“நிஜமாவே.”

“அப்போ இன்னைக்கு எனக்கு ஓட்ட வருமா?”

“பழகினா வரும்டா.”

“பழகினா வராதும்மா. உனக்கு லீவு கிடைச்சாதான் வருமாம். அன்னைக்குக் கம்பம் வரைக்கும் போனேன்ல, அது தப்பா வந்ததாம்.”

பின்னல் பாதியில் நின்றது. அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் தண்ணீர் டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

“என்னைக்கு?” என்று அவள் கேட்கவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. லாண்டரி சூப்பர்வைசர். பெரிய கூட்டம் ஒன்று அறைகளைக் காலி செய்கிறது, இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை, வேனை ஏற்கெனவே அனுப்பிவிட்டாள். லீவைப் பிறகு எடுத்துக்கொள்ளலாமாம்.

போனை வைத்துவிட்டு அவள் புருஷனிடம் திரும்பினாள்.

“வெச்சிருங்கன்னு சொன்னா, குழந்தையையா தூக்கி அலமாரியில வைப்பாங்க?”

“நீதானே சொன்னே, உன் கண்ணு முன்னாலன்னு...”

“ஓட்டத் தெரிஞ்சவகிட்டப் போய் உனக்குத் தெரியாதுன்னு சொல்லச் சொன்னேனா? எந்திரிங்க. ஸ்பானரை எடுங்க. வேன் வர்றதுக்குள்ள நான் பாத்துட்டுப் போறேன்.”

மூன்று பேரும் பாதிச் சாப்பாட்டோடு கீழே ஓடினார்கள். ஒரு பக்கச் சக்கரம் வந்துவிட்டது. மற்றது வரவில்லை. டப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு நட்டு துருப்பிடித்துப்போயிருந்தது. அவன் ஸ்பானரின் மேல் ஏறி நிற்காத குறை.

“மாட்டறப்ப மட்டும் நல்லா முறுக்கினீங்களே!” என்றது ஜன்னல். “இருங்க, மெஷின் எண்ணெய் தர்றேன்.”

தையல்காரி எண்ணெய்க் குப்பியோடு வந்தாள். ஊற்றினார்கள். “கொஞ்சம் இறங்கணும், உடனே வராது” என்றாள். தக்காளி ஒரு பக்கம் சாய்ந்த சைக்கிளில் தயாராக உட்கார்ந்திருந்தாள். பின்னல் பாதி அவிழ்ந்து தொங்கியது. அம்மா நட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பார்வையாலேயே கழன்று விழும் என்பது போல. தெருமுனையில் வேனின் ஹாரன் கேட்டது. உள்ளே இருந்த பெண்கள் தலையை நீட்டிக் கூப்பிட்டார்கள்.

“விடு, அடுத்த லீவுக்கு வெச்சுக்கலாம். ஓடியா போயிடப்போவுது?” என்றான் அவன்.

தக்காளி அழுதிருந்தால் சரி. அடம் பிடித்திருந்தால் இன்னும் சரி. அவள் தானாக இறங்கி, சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

“பரவாயில்லம்மா. எனக்கு இன்னும் வரலைல்ல.”

அம்மா மண்டி போட்டு உட்கார்ந்து மகளின் இரண்டு தோளையும் பிடித்தாள்.

“யாரு சொன்னா வரலைன்னு? உனக்கு எப்பவோ வந்தாச்சு. நான்தான் வரல.”

“நீ பாக்க வேண்டாமா?”

 ஹாரன் இரண்டாம் முறை அடித்தது.

“வேணும்” என்றாள். “ரொம்ப வேணும். ஆனா எனக்காக நிக்காத. எண்ணெய் இறங்கினதும் ஓட்டு. தெரு முழுக்க ஓட்டு.”

பிறகு வேனை நோக்கி ஓடினாள். ஏறி உட்கார்ந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவாள்.

அன்று லாண்டரியில் அவள் விரிப்புகளை உதறிய உதறலில் பக்கத்தில் நின்றவள் ஒதுங்கிப்போய் நின்றாள். ‘இப்போது நட்டு கழன்றிருக்கும்.’ ஒரு விரிப்பு. ‘இப்போது கேட்டருகே நிற்பாள்.’ இன்னொன்று. எந்தக் கணம் என்று தெரியாததால் எல்லாக் கணமும் அந்தக் கணமாக இருந்தது. இஸ்திரி போடும் பெரிய உருளைகளுக்கு நடுவே விரிப்பு சுருக்கம் போய்ச் சுடச்சுட வெளியே வரும்போதெல்லாம், ஏதோ ஒன்று நழுவிப் போய்க்கொண்டே இருப்பது போலிருந்தது.

கூட வேலை செய்தவர்களே சூப்பர்வைசரிடம் பேசி, அன்று அவளை முன்னாலேயே அனுப்பிவைத்தார்கள். ஆனாலும் தெருமுனையில் இறங்கும்போது விளக்கு போட்டாகிவிட்டது. அலமாரியிலிருந்து எடுத்த போனை அவள் திறக்கவே இல்லை.

தெருவுக்கு அன்று வயிறு வெடிக்கும் நிலைமை. எத்தனை நாள் அடக்கிவைத்தது! கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்தார்.

“ஏம்மா, உன் பொண்ணு இன்னைக்கு...”

“அண்ணே, சொல்லாதீங்க!” அவள் கையை உயர்த்திக்கொண்டு நடந்தாள்.

மாடி வீட்டுப் பையன்கள், “அக்கா, தக்காளி வந்து...” என்று ஓடி வந்தார்கள். “மூச்!” என்றாள். தையல்காரி ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டியிருந்தாள். “கேளேன், ஒரே ஒரு விஷயம்” என்று கெஞ்சினாள்.

“அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். அவ வாயால முதல்ல கேட்டுக்கறேன்.”

தெரு இவ்வளவு பெரிய அவமானத்தை அதற்கு முன் பட்டதில்லை.

தக்காளி தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் பெரிய பிளாஸ்திரி. அம்மா அந்தக் காலை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

“வீடியோ எடுக்கல” என்றான் அவன், குற்றவாளி போல. “ரெண்டு கையும் அவ பின்னாலேயே இருந்துச்சு.”

“நல்லது” என்றாள். பிறகு மகளிடம், “சொல்லு.”

“கடைசியா விழுந்துட்டேன்” என்று ஆரம்பித்தாள் தக்காளி.

“கடைசியை அப்புறம் சொல்லு. முதல்லேருந்து.”

“முதல்ல நட்டு டொக்குனு விழுந்துச்சு. நான் ஏறினேன். இல்ல, முதல்ல ஒரு நாய் வந்துச்சு. அது போகட்டும்னு நின்னோம்.”

“என்ன கலரு நாய்?”

“பிரவுன். அப்புறம் ஏறினேன். அப்பா பிடிச்சாங்க. காத்து இங்கெல்லாம் வந்துச்சு.” கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். கண் சொருகியது. “அப்புறம் அப்பா, விடட்டுமான்னு கேட்டாங்க...”

“நீ என்ன சொன்னே?”

 வாய் பாதி திறந்தபடி, தலை அவள் கைமேல் சாய்ந்துவிட்டது.

அவன் முன்னால் நகர்ந்தான். “என்ன சொன்னா தெரியுமா, இவ...”

“வேண்டாங்க” என்றாள் அவள். “காலையில அவளே சொல்லட்டும். நான் போறதுக்கு முன்னால எழுப்பி விடுங்க.”

அந்தப் பிடரியில் மூக்கை வைத்தாள். அன்று அதில் மெஷின் எண்ணெய் வாசனையும் இருந்தது.