இடைவேளையில் பிறந்தவள்

"ஒரு நாள் பொறுத்துப் பொறந்திருக்கலாமேம்மா" என்று சொல்லிவிட்டு அந்த அதிகாரி சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எழுத்துத் தேர்வில் நான் வாங்கிய மதிப்பெண்ணைப் பாராட்டிவிட்டுத்தான் சொன்னார். வருகிற ஜனவரி முதல் தேதியன்று முப்பது வயது முடிந்திருக்கக் கூடாது என்பது விதி. நான் பிறந்ததே ஒரு ஜனவரி முதல் தேதியில்தான். இரண்டாம் தேதி பிறந்திருந்தால் எனக்கு வேலை உண்டு. மனுப் போட்டபோது கம்ப்யூட்டர் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டது. மனிதர்தான் கண்டுபிடித்தார். பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய நாளிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டு அடுத்தவர்களின் பட்டங்களை நகலெடுத்துக் கொடுக்கிறேன். எழுதாத தேர்வு கிடையாது. ஒவ்வொன்றிலும் மயிரிழையில் தவறி, இதில்தான் தேறினேன். இதற்குமேல் எழுதவும் வயது விடாது. அம்மாவும் நானும் குடியிருப்பது நாடக அரங்கத்துக்குப் பின்னால், செட்டுப் பலகைகளைச் சாய்த்து வைத்திருக்கும் கிடங்கை ஒட்டிய ஒற்றை அறையில். அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. இப்போதெல்லாம் கதவைத் திறந்து "யாரது?" என்று கேட்கிற வேலைக்காரி வேஷம்தான் அவளுக்கு. அதையும் நிறுத்திவிட்டால் அறையும் போய்விடும். வேறு எங்கே போவது என்று நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. பேசினால் நிஜமாகிவிடும் என்று பயம்.

அதிகாரி ஒரு வழி சொன்னார். சான்றிதழில் தேதி தவறாகப் பதிவாகியிருந்தால், பெற்றவளும் அன்றைக்குப் போய்ப் பதிந்தவரும் நேரில் வந்து உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். புது வருஷ விடுமுறைக்கு மறுநாள் மாலை வரைக்கும் என் ஃபைலை மூடாமல் வைத்திருப்பதாகச் சொன்னார். அது அவருடைய கருணை.

எனக்கு அதில் நம்பிக்கை இருந்தது. காரணம் நான் பிறந்த கதை. புது வருஷ முதல் நாள் இரவு ஆட்டம், அரங்கு நிறைந்த கூட்டம், அம்மாதான் கதாநாயகி, நிறைமாதம். இரண்டாவது அங்கம் முடிந்து திரை விழுந்ததும் வலி கண்டு, ஒப்பனை அறையில், இடைவேளையிலேயே என்னைப் பெற்றுப் போட்டுவிட்டு, மூன்றாவது அங்கத்துக்கு மேடையேறிவிட்டாள். செய்தித்தாளில் வந்தது. அரங்கத்தின் முகப்பில் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். நாடகக் கம்பெனியில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் நான் 'இடைவேளை'. "இடைவேளை வந்துட்டா, டீ சொல்லு" என்பது எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் ஓடுகிற ஜோக். எங்கள் கம்பெனி ஆட்டம் சொன்ன நேரத்துக்கு ஆரம்பித்ததாகச் சரித்திரமே இல்லை. அன்றைக்கும் தாமதமாகி, இடைவேளை நள்ளிரவைத் தாண்டியிருந்தால்? நான் இரண்டாம் தேதிக்காரி. பொய்கூட இல்லை, கொஞ்சம் நகர்த்தி வைப்பதுதான்.

பதிந்தவர் நாடகக் கம்பெனி முதலாளி. அவரிடம் போய்க் கேட்டேன். புது வருஷம் அவருக்குத் தனிச் சொத்து. ஒவ்வொரு முதல் தேதியும் ஆட்டத்துக்கு முன்னால் திரைக்கு வெளியே வந்து நின்று, இதே நாளில் நம் முதல் நாடகம் அரங்கேறியது, இதே நாளில் எண்ணெய் விளக்கு போய் மின்விளக்கு வந்தது என்று ஆரம்பித்து, இதே நாளில் பிறந்த கலைஞர்களை வரிசையாகக் கூப்பிடுவார். நகைச்சுவை நடிகர் ஒல்லி, நடனக்காரி, தபேலாக்காரர் என்று வந்து கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் பிறந்த தேதியே தெரியாது. தெரியாதவர்களுக்கெல்லாம் முதலாளி முதல் தேதியைக் கொடுத்துவிடுவார். ஒல்லி சொல்லுவார், "எனக்கு அப்பா யாருன்னே சந்தேகம், தேதி மட்டும் கரெக்டா இருக்கு." கடைசியாக அம்மாவும் நானும். கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வர வேண்டும். இத்தனை வருஷமாக அந்தக் கைதட்டலுக்குத் தலை குனிந்திருக்கிறேன்.

ஒரு நாள் தள்ளிச் சொல்லுங்கள் என்றதும் முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஜனவரி ரெண்டுல பொறந்ததுக்கு யாரும்மா டிக்கெட் வாங்குவா?" என்றார். "கல்லுல இருக்கறத நான் எப்படி அழிக்கிறது? உங்கம்மாவக் கேளு. அவ வந்து சொல்லட்டும், நான் கையெழுத்துப் போடறேன்."

அம்மா சொல்ல மாட்டாள் என்று தெரிந்துதான் சொன்னார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அம்மா ஒரு வாரமாக எனக்குப் பிடி கொடுக்கவில்லை. நான் பேச்செடுத்தால் முழங்காலுக்குத் தைலம் தேய்க்க ஆரம்பித்துவிடுவாள். இன்றைக்கு முதல் தேதி. நாளை மாலையோடு ஃபைல் மூடிவிடும். மத்தியானமே ஒப்பனை அறைக்குள் போய்க் கதவருகில் நின்றுகொண்டேன். கண்ணாடியைச் சுற்றி இருக்கிற பல்புகளில் மூன்று எரியவில்லை. மேசை மேல் பவுடர் படிந்த துண்டு, ஒட்டுமீசைகள் செருகிய அட்டை. ஒப்பனைக்காரர் அம்மாவின் புருவத்தை வரைந்துகொண்டிருந்தார். "இடைவேளைக்கும் கொஞ்சம் பூசி விடட்டுமா?" என்று கேட்டவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பென்சிலை அம்மாவின் கையிலேயே கொடுத்துவிட்டு வெளியே போனார்.

நான் கத்தவில்லை. கத்தாமல் பேசுகிறபோதுதான் என் வாயிலிருந்து அசிங்கமாக வரும். உனக்குக் கைதட்டல் வேண்டும், அதற்காக என் வாழ்க்கையை ஜெராக்ஸ் மெஷின் முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறாய் என்றேன். வேலைக்காரி வேஷத்துக்கு எதற்கு இவ்வளவு ஒப்பனை என்றேன். அந்தக் கதை இல்லையென்றால் நீ யார் என்று கேட்டேன். அதைக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டேன். அம்மா ஒரு புருவம் மட்டும் வரைந்த முகத்தோடு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"ஒரு நாள் போதுமாடி உனக்கு?"

"போதும்."

"உனக்குப் பதினோரு மாசத்துக்கு மேலயே இருக்கு."

எனக்கு முதலில் புரியவில்லை. வசனம் பேசுகிறாள் என்று நினைத்தேன். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, வாங்க வேண்டிய சாமான்களைச் சொல்வது போல ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். அன்றைக்கு இடைவேளையில் பிறந்தது நான் இல்லை. எனக்கு முன்னால் ஒருத்தி. பிரசவம் பார்த்தது கம்பெனியில் பாட்டி வேஷம் கட்டுகிறவள். குழந்தையை உடைப் பெட்டியில் ராணி வேஷத்து வெல்வெட்டைப் போட்டுப் படுக்க வைத்தார்கள். முதலாளி வெளியே போய்ப் பெண் குழந்தை என்று மேடையிலேயே அறிவித்துவிட்டார். அரங்கம் எழுந்து நின்றது. மூன்றாவது அங்கம் முழுக்கக் கூட்டக் காட்சி. கம்பெனியில் இருக்கிற அத்தனை பேரும் மேடையில் நிற்க வேண்டும். பாட்டி வேஷக்காரியும் நிற்க வேண்டும். இப்போது உயிரோடில்லாத என் அப்பா அன்றைக்கு விளக்குக்காரர். மேலே பலகையில் உட்கார்ந்து அம்மா முகத்தின் மேல் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒப்பனை அறையில் ஒருவரும் இல்லை.

"மொதலாளி மேடைக்குப் போன்னு சொல்லல" என்றாள் அம்மா. "முடியலன்னா திரைய இறக்கிடலாம்னுதான் சொன்னாரு. அந்தக் கைதட்டல் சத்தம் கேட்டுச்சு எனக்கு. நானேதான் போனேன்."

திரும்பி வந்தபோது குழந்தை சில்லென்று இருந்தது. அதற்குள் நிருபர் செய்தியை எழுதிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் முதலாளி பதிந்துவிட்டு வந்தார். இறந்ததை யாரும் பதியவில்லை. அடுத்த வாரமே கம்பெனியை டூருக்கு அழைத்துப் போய்விட்டார். அதே வருஷம் டிசம்பரில், பெயர்கூட அம்மாவுக்கு மறந்துபோன ஏதோ ஒரு ஊரின் ஆஸ்பத்திரியில் நான் பிறந்தேன். டூர் மூன்று வருஷம் நீண்டது; முடிந்து வந்தபோது அரங்க வாசலில் ஜனங்கள் எங்கே அந்தக் குழந்தை என்று கேட்டார்கள். அம்மா என்னைத் தூக்கிக் காட்டினாள். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கையில் இருந்தது அந்தச் சான்றிதழ்தான்.

"ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் நீ பொறந்த. ஆட்டமில்லாத நாள். கைதட்ட ஒருத்தரும் இல்ல. நான் அன்னிக்கு முழுக்க உன்னக் கீழ விடல."

நான் உடைப் பெட்டிகளைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். இந்த அறையில்தான் ஒவ்வொரு வருஷமும் இதே தேதியில் அவள் தலை சீவிப் பவுடர் பூசிக்கொண்டு, பிள்ளை செத்ததற்குக் கைதட்டு வாங்கக் கிளம்பியிருக்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டு. அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அதே சமயம் என் மண்டைக்குள் இன்னொன்று ஓடியது: அப்படியென்றால் எனக்கு இருபத்தொன்பது. ஆஸ்பத்திரி என்றால் எங்கேயாவது எழுதி வைத்திருப்பார்கள். இவளும் முதலாளியும் கையெழுத்துப் போட்டால் போதும். வறுமை மனுஷியை எவ்வளவு மட்டமாக ஆக்கிவிடுகிறது என்று அதை நினைத்துக்கொண்டே நினைத்தேன். வாயும் சும்மா இருக்கவில்லை.

"நாளைக்கு வந்து இத எழுதிக் குடுப்பியாம்மா?"

அம்மா இன்னொரு புருவத்தை வரைந்து முடித்தாள். கோடு கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. அழிக்கவில்லை.

"மொதலாளி இல்லன்னு சாதிச்சிடுவாரு. நானும் அவரு மூஞ்சியப் பாத்தா மென்னு முழுங்கிடுவேன். இன்னிக்கு மேடையில சொல்லிடறேன். இத்தன பேர் முன்னாடி சொல்லிட்டா அப்புறம் அவராலயும் மறுக்க முடியாது, என்னாலயும் முடியாது. அங்க வாய் வரலன்னா நாளைக்கும் வராது. என்னத் திட்டக்கூடாது நீ."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். மேடையில் எதற்கு, ஆபீஸில் மட்டும் சொன்னால் போதும் என்று ஒரு வார்த்தை. ஆபீஸில் மட்டும் என்றால் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த வேலை கைநழுவினால் அறை, அறை போனால் இவள் முழங்கால், என்று வரிசையாக எல்லாம் கண் முன்னால் வந்தது. அவளுடைய முந்தானையைச் சரிசெய்து ஊசி குத்திவிட்டேன்.

சாயங்காலம் அரங்கம் நிறைந்துவிட்டது. விடுமுறை நாள் கூட்டம். குழந்தை குட்டிகளோடு வந்திருந்தார்கள். முதலாளி திரைக்கு வெளியே போய் முதல் நாடகத்தைச் சொன்னார், மின்விளக்கைச் சொன்னார். ஒல்லி போய்த் தடுக்கி விழுவது போல் நடித்துச் சிரிப்பை வாங்கிக்கொண்டு வந்தார். எங்களைக் கடக்கும்போது "போ இடைவேளை, ஜனம் டீ குடிக்கக் காத்திருக்கு" என்று கிசுகிசுத்தார். அம்மாவின் கை என் கையில் ஈரமாக இருந்தது. முதலாளி ஒப்பனை அறையைச் சொன்னார், இரண்டாவது அங்கத்தைச் சொன்னார், குரலைத் தணித்துத் திரும்ப உயர்த்தினார். நாங்கள் நடந்து போனோம்.

எப்போதும் கும்பிட்டுவிட்டுத் திரும்புவதுதான் வழக்கம். அம்மா கும்பிடவில்லை. முதலாளியின் மைக்கைப் பிடித்தாள். அவர் உடனே விடவில்லை. இரண்டு பேர் கையும் ஒரே மைக்கில் இருந்தது. அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்ன புரிந்ததோ, என்னைப் பார்த்தார். அதற்குள் முன்வரிசையில் யாரோ "பேசட்டும்" என்று சொல்ல, அவர் சிரித்த முகத்தோடு கையை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"அன்னிக்கு மூணாவது அங்கத்துக்கு நான் கெளம்பும்போது" என்று அம்மா ஆரம்பித்தாள்.

அவ்வளவுதான் அவளைப் பேச விட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த கதை. அவர்கள் காத்திருந்த இடம். கைதட்டல் முன்வரிசையில் தொடங்கிப் பின்னால் போய், மாடியில் ஏறி, திரும்பி வந்தது. அம்மா ஓயட்டும் என்று நின்றாள். வாய் பாதி திறந்திருந்தது. "பெட்டியில" என்று அவள் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. முதலாளியும் கையைத் தலைக்குமேல் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அம்மா மைக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, போதும், நிறுத்துங்கள் என்று வலது கையை உயர்த்தி உள்ளங்கையை அவர்களுக்குக் காட்டினாள். ஒரு நொடி அவர்கள் அதைப் பார்த்தார்கள். பிறகு அரங்கம் முழுக்க, கீழேயும் மாடியிலும், அப்பன்களின் தோளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் உட்பட, ஒவ்வொருவராகக் கையைத் தூக்கி அவளுக்கு ஆட்ட ஆரம்பித்தார்கள்.