கரண்டு நின்ற நேரம்

விடிவதற்கு முன்பே லிந்துலைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தின் ஆலையான ஸ்டோருக்குள் கொழுந்து வாசனை கனத்துக் கிடந்தது. மாடியில் வாடப்போட்டிருந்த கொழுந்தை அள்ளி வந்து, அதை நசுக்கிச் சுருட்டும் ரோலருக்குள் கொட்டினான் நல்லமுத்து. பச்சைச் சாறு முழங்கை வரை வழிந்து, காய்ந்து, தோலைப் பிடித்து இழுத்தது. வெளியே பனி, உள்ளே வியர்வை.

திடீரென்று ரோலரின் இரைச்சல் தேய்ந்து அடங்கியது. விளக்குகள் அணைந்தன.

யாரும் ரோலர் பக்கம் கை நீட்டவில்லை. போன மாதம் இப்படித்தான் கரண்டு நின்றது. "கொழுந்து புளிச்சிரும், கையால கிளறுடா!" என்று ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் கத்த, ரோலரில் நின்ற மூக்கன் கையை விட்டான். சொல்லாமல் கொள்ளாமல் கரண்டு வந்தது. அவனுடைய விரல்கள் கொழுந்தோடு கொழுந்தாக நசுங்கிப் போயின. மூக்கனின் கவனக்குறைவு என்று தோட்ட நிர்வாகியான துரை முடித்துவிட்டார்.

நல்லமுத்து சன்னல் வழியாக மேட்டைப் பார்த்தான். துரையின் பங்களாவில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அங்க மட்டும் எப்புடி நிக்காம எரியுது?" என்றான்.

"அங்க போற கம்பி புதுசு. நமக்கு வர்றது நைஞ்சு போனது" என்றாள் ராக்காயி. மூக்கனின் மனைவி. தூள் சலிக்கிறவள்.

அன்று கொழும்பிலிருந்து மின்சார அதிகாரி வருவதாக இருந்தது. சட்டத்தை மாற்றப்போகிறார்களாம். ஆலைகளுக்கு மலிவாகக் கரண்டு கிடைக்கும். ஆனால் முதலாளி தன் கம்பிகளைச் சீராக வைத்திருக்க வேண்டும், கரண்டு நின்றால் மறைக்கக் கூடாது. துரைக்கு முதல் பாதி மட்டும் பிடித்திருந்தது. 'கரண்டு நிக்கிறதே இல்லன்னு சொல்லுங்க. தோட்டத்துக்கு லாபம், உங்களுக்கும் நல்லது' என்று முதல்நாள் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில் சொல்லியிருந்தார்.

"நல்லதுன்னா நம்மள எதுக்குப் பொய் சொல்லச் சொல்லணும்?" என்று ராக்காயி முணுமுணுத்தாள்.

நல்லமுத்துவுக்கு வேறொரு சந்தேகமும் இருந்தது. கரண்டு வேலை பார்க்கும் செபமாலை, முதல்நாள் சாயங்காலம் பங்களாவிலிருந்து இறங்கி வந்ததை அவன் பார்த்திருந்தான். நல்லமுத்துவைக் கண்டதும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். செபமாலை தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருப்பவனில்லை, தோட்டம் கொடுத்த தனி வீட்டில் இருப்பவன். விலைக்குப் போயிருப்பான் என்றே நல்லமுத்து நினைத்தான்.

வெயில் ஏறியும் கரண்டு வரவில்லை. துரையோடு அதிகாரி உள்ளே நுழைந்தார். பங்களாவில் பசியாறிவிட்டு வந்த முகம். இவரும் அவங்க ஆள்தான் என்று நல்லமுத்துவின் மனம் கசந்தது.

"இன்னைக்கு மட்டும்தான் இப்படி" என்றார் துரை.

"அப்படியா?" அதிகாரி தொழிலாளர்களைப் பார்த்தார்.

நல்லமுத்து முன்னால் வந்தான். "இல்லீங்க. அடிக்கடி நிக்குதுங்க. அதுலதான் மூக்கனுக்குக் கை போச்சு."

"பொய்!" துரை சீறினார். "செபமாலை, நீ சொல்லு."

ஸ்டோர் முழுவதும் செபமாலையைப் பார்த்தது.

"கம்பிய மாத்தச் சொல்லி நான் கேட்டுக்கிட்டேதான் இருந்தேங்க. நேத்து துரை பங்களாவுக்குக் கூப்புட்டு, வாயத் தொறந்தா வீட்டக் காலி பண்ணணும்னாரு. மூக்கன் கைய ரோலர்லருந்து எடுத்தவன் நான். என்னால மறைக்க முடியாதுங்க."

நல்லமுத்து தலை குனிந்தான்.

"இன்னைக்கே வீட்டை விட்டுப் போ!" என்றார் துரை. "மத்தவனுக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணுங்க" என்றாள் ராக்காயி. "கையோட வேணும்."

சலிக்கும் பெண்கள் அவள் பின்னால் வந்து நின்றார்கள். மாடியிலிருந்தவர்களும் இறங்கி வந்தார்கள்.

"நான் கேட்டதைக் கொழும்பில் சொல்வேன். சட்டம் இன்னும் வரவில்லை. அதற்கு மேல் வாக்குக் கொடுக்க முடியாது" என்றார் அதிகாரி. அவரை நம்புவதா வேண்டாமா என்று நல்லமுத்துவுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர்களை நம்பலாம் என்று மட்டும் தெரிந்தது.

அப்போது கரண்டு வந்தது. ரோலர் உறுமிச் சுழன்றது. பழக்கத்தில் கூடைக்குப் போன கையை நல்லமுத்து இழுத்துக்கொண்டான்.

"கம்பிய மாத்துங்க. மணி அடிக்காம மெஷினுக்குக் கரண்டு விடக் கூடாது. செபமாலையும் போகக் கூடாது. அதுவரைக்கும் நாங்க கொழுந்து போட மாட்டோங்க" என்றான்.

துரை டீமேக்கரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"வீட்டப் புடுங்குனா புள்ளைகளோட எங்கண்ணே போவேன்?" என்று செபமாலை மெல்லக் கேட்டான்.

"எங்க லயத்துக் காம்பராவுக்கு வா. நெருக்கிப் படுத்துக்கலாம்" என்றான் நல்லமுத்து.

செபமாலை வந்து அவன் பக்கத்தில் நின்றான். ரோலர் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.